பழங்குடி ஓவியத்துக்குச் சட்டம் போட: கிருஷ்ணகிரி பழையபேட்டை பிரேம் கடை தேறுமா?

பழையபேட்டைப் பக்கம் சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் பிரேம் போடும் சின்னக் கடை. கைவினைக் கண்காட்சிகளில் வாங்கிய குறும்பர், வார்லி, கோண்டு ஓவியங்களும் இப்போது இங்கே வருகின்றன. மர வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு மூலையும் 45 டிகிரியில் இடைவெளி தெரியாமல் சேர்கின்றன. ஃபைபர் பீடிங்கை (சட்டம் செய்யும் பட்டை) தலையில் கட்டாமல், கேட்டால் தேக்கை எடுத்துப் போடுகிறார்கள். சிக்கலெல்லாம் சட்டத்துக்கு உள்ளேதான்.

ரேட் ரன்னிங் அடிக் கணக்கு. 12×16 அங்குல ஓவியத்துக்குச் சுற்றிலும் 2 அங்குலம் மவுண்ட் (கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் நடுவே ஓரமாக வரும் அட்டை) விட்டால் 16×20. சுற்றளவு 6 அடி. ஒரு அங்குல அகலப் பீடிங் என்றால் மூலை வெட்டில் இன்னும் 8 அங்குலம் போகும். 7 அடிக்கு பில் போடுவது நியாயம், இவர்களும் அப்படித்தான் போடுகிறார்கள்.

ஒட்டும் விஷயத்தில்தான் கூடவே நிற்க வேண்டும். ஹார்ட்போர்டு முழுக்கப் பசை தடவி ஓவியத்தை அப்படியே அழுத்திவிடுவது இங்கே வழக்கம். காலண்டர் படத்துக்கு அது போதும், நீலகிரி ஆலு குறும்பர் ஓவியத்துக்கு ஆகாது. வேங்கைப் பிசினின் செம்பழுப்பும் இலைச்சாற்றின் பச்சையும் ஈரம் பட்டால் கசியக்கூடியவை. அது போக, காகிதம் ஐப்பசி மழையில் விரியும், பங்குனி வெயிலில் சுருங்கும். முதுகு முழுக்க ஒட்டிவிட்டால் அசைய வழியில்லாமல் அலையலையாகத் தூக்கிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலக்கும் பைண்டிங் கடைப் பழக்கம் இன்னும் மோசம். அதிலுள்ள செம்பு நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கி மொறுமொறுவென்று ஒடிய வைக்கும்.

மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டைத் துத்தமில்லாத ஸ்டார்ச் பசையால் கீல் போலப் பிடிக்கச் சொல்லுங்கள். மற்ற மூன்று பக்கமும் சும்மா தொங்கட்டும். செலோ டேப், பிரவுன் டேப் இரண்டுமே கிட்டே வரக்கூடாது. சொன்னால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்கிறார். சொல்லாவிட்டால் பசை டப்பாதான்.

மவுண்ட் இல்லாமல் கண்ணாடியை நேராக வைத்தால் செலவு குறையும் என்று ஒரு யோசனையும் வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். செம்மண்ணோ சாணமோ பூசிய துணியில் வரைந்த வார்லியில், உள்ளே வியர்க்கும் ஈரத்துக்கு வெள்ளைச் சாயம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரியும். குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சாதா மவுண்ட் போர்டு ஒன்று ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும் என்பதால் இரட்டை மவுண்ட், அல்லது கண்ணாடி ஓரத்தில் மெல்லிய ரீப்பர். ஆசிட் ஃப்ரீ (அமிலமில்லாத) மவுண்ட் கடையில் எப்போதும் இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும். சாதா போர்டின் வெட்டு விளிம்பு சில வருஷத்தில் மஞ்சளாகி, அந்தக் கறை ஓவியத்திலும் கோடாக இறங்கும். துணியைப் பிளைவுட்டில் விறைப்பாக இழுத்து ஸ்டேப்ளர் அடிக்கவும் விடாதீர்கள், மண் பூச்சு வெடித்துவிடும்.

இவ்வளவும் சொன்னால் திருந்தக்கூடியவை. இந்தக் கடையின் பெரிய குறை, ஓவியர் யாரென்பதே தெரியாமல் போவது. மவுண்டின் திறப்பை ஓவியத்தைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் குறைத்து வெட்டுகிறார்கள். வலது கீழ் மூலைக் கையெழுத்து அதற்கடியில் போய்விடுகிறது. கோண்டு ஓவியத்தில் உருவத்துக்குள் நிரப்பும் புள்ளியும் கோடும் ஓவியருக்கு ஓவியர் வேறு. கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷியாம் (1962–2001) வழியில் வந்தவர்களிடம் அந்த நிரப்பலே கையெழுத்து மாதிரி. அதனால் நாலு விளிம்பும் வெளியே தெரிகிற ஃப்ளோட் மவுண்ட் கேளுங்கள், கூலி கொஞ்சம் கூடும்.

அடுத்து லேபிள். எல்லாவற்றுக்கும் பித்தளைத் தகட்டில் ‘டிரைபல் ஆர்ட்’. ரவிவர்மா படத்துக்கு யாராவது ‘கேரளா ஆர்ட்’ என்று தகடு அடிப்பார்களா? கடைச் சுவரில் தொங்கும் குறும்பர் ஓவியத்தில் ‘குருமன்ஸ் பெயிண்டிங்’ என்றிருக்கிறது. குருமன்ஸ் நம் மாவட்டத்தில் வாழும் வேறு சமூகம். அரசின் பழங்குடிப் பட்டியலிலேயே நீலகிரி குறும்பரும் குருமன்ஸும் தனித்தனிப் பெயர்கள். வெள்ளைக் கோட்டில் மனித உருவம் தெரிந்தால் பில்லில் உடனே ‘வார்லி’ என்று விழுகிறது. பர்கூர் பக்கம் மல்லபாடிப் பாறையில் இருப்பதும் வெள்ளை ஓவியந்தான், அதையும் வார்லி என்பார்களோ என்னவோ.

வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது: ஓவியர் பெயர், சமூகம், ஊர், எதில் எதனால் வரைந்தது, வருஷம். வாங்கும்போது கிடைத்த ஓவியர் அட்டையைப் பழைய பேக்கிங்கோடு குப்பையில் போட விடாமல், பிளாஸ்டிக் உறையிலிட்டுச் சட்டத்தின் முதுகில் ஒட்டச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன் கண்ணாடியில் திரவத்தைப் பீய்ச்சித் துடைப்பார்கள். அது வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்ல வேண்டும். கீழ் மூலை இரண்டிலும் ரப்பர் பொட்டு இருந்தால் சுவரின் ஓதம் பின்னட்டையில் ஏறாது. தருமபுரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோவதானால் கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டி வாங்கி, படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். வீடு சேர்ந்ததும் டேப்பை உரித்துவிடுங்கள், விட்டால் வெயிலில் இளகிப் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும்.