பினாங்கில் பத்து நாள்: மீயும் நண்டும் தேடிப் போன இடங்கள்

நாலு வருஷம் கழித்து ஊருக்குப் போய் வந்தோம். ஊர் என்றால் நிபோங் திபால். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் தீவை விட்டு இந்தப் பக்கம், பெருநிலத்தின் தென்கோடி. பிறந்து வளர்ந்தது அங்கே, பிழைப்பது மெல்பர்னில். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார், வயது 74. மாடும் பன்றியும் தொடமாட்டார். மீன், நண்டு, இறால் என்றால் உயிர். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மீ, அதாவது நூடுல்ஸ், இல்லாமல் ஒரு நாள் போகாது. ஆக, பத்து நாளும் சீனர் கடைகளைச் சுற்றித்தான் எங்கள் வண்டி ஓடியது.

வயதானவர்களை வைத்துக்கொண்டு சீனர் கடைக்குப் போகலாமா, அவர்கள் சாப்பிட அங்கே என்ன இருக்கும் என்று ஊருக்குக் கிளம்பும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் வாயைத் திறந்து கேட்கவேண்டும். கேட்டால் நமக்கென்று தனியாகச் செய்து தருகிறார்கள். கேட்காவிட்டால் அவர்கள் வழக்கப்படி என்ன உண்டோ அதுதான் மேசைக்கு வரும்.

முதல் நாள் காலை பசியாற எங்கள் கடைத்தெருக் கோப்பிக்கடைக்கே போனோம். கடையின் முறை பிள்ளைகளுக்குப் புதுசு என்பதால் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தண்ணி, அதாவது கோப்பி, தேநீர் மாதிரி குடிக்கிறவை, மட்டும்தான் கடைக்காரருடையது. மீ, லக்சா, பொரியல் எல்லாம் வாசலில் இடம் வாங்கி நிற்கும் ஒட்டுக்கடைக்காரர்களுடையது. முதலில் மேசை பிடித்து அதன் எண்ணைப் பார்த்துக்கொள்ளவேண்டும். பிறகு ஒவ்வொரு ஒட்டுக்கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு எண்ணைக் கொடுத்தால் தட்டு வந்து சேரும், வந்ததும் அந்தந்தக் கடைக்குக் காசு. தண்ணிக்குத் தனி. மேசையில் உட்கார்ந்துவிட்டுத் தண்ணி வாங்காமல் இருப்பது மரியாதையில்லை. சில கடைகளில் அதற்குத் தனியாகக் காசு பிடிப்போம் என்று சுவரில் எழுதியே போட்டிருக்கிறார்கள். கோப்பி என்றால் கட்டிப்பால் போட்டது. கோப்பி ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. சீனியும் வேண்டாம் என்றால் கோப்பி ஓ கொசோங். ஐஸ் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு பெங் சேர்த்தால் போதும். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் இந்தக் கொசோங்கை மறக்கவேண்டாம்.

அந்தக் கடையின் வாசலில் இன்னும் கரியடுப்பில் கொய்தியாவ் பிரட்டுகிறார் ஒரு தவ்கே, சீனக் கடை முதலாளியை அப்படித்தான் சொல்வோம். என் அப்பாவுக்குப் பிரட்டிக் கொடுத்தவர். இப்போது முடி முழுக்க வெள்ளை. பக்கத்தில் அவர் மனைவி முட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டும், வாழையிலைத் துண்டைத் தட்டில் விரித்துக்கொண்டும் நிற்கிறார். சார் கொய்தியாவ் என்று எங்கும் கிடைக்கும்தான், மெல்பர்னிலும் கிடைக்கிறது. ஆனால் ஒரே சட்டியில் ஆறு பேருக்குச் சேர்த்துப் போட்டு எடுப்பது வேறு, இவர் செய்வது வேறு. ஒரு தடவைக்கு ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு. சட்டி புகைகிற வரை காய்கிறது. எண்ணெய், பூண்டு, உடனே இறால். இறால் சிவந்ததும் அகல அரிசி மீ விழுகிறது. சோயாக் கரைசலைச் சட்டியின் ஓரத்தில் ஊற்றுகிறார், நடுவில் இல்லை. ஓரத்துச் சூட்டில் அது பொங்கித் தீய்ந்து வருகிற மணம்தான் அந்தத் தட்டின் மணம். மீயை ஒரு பக்கம் ஒதுக்கி, காலியான இடத்தில் முட்டையை உடைத்துவிட்டு, அரை வேக்காட்டில் மீயை அதன்மேல் புரட்டிப் போடுகிறார். பிறகு ஒரு கை முளைப்பயறு, ஒரு பிடி குச்சாய்க் கீரை. கடைசியில் கெராங். சிப்பி வெந்து சுருங்குவதற்குள் தட்டுக்கு வந்துவிடுகிறது. என் சின்னவள் அடுப்புப் பக்கத்தில் நின்று, இலையில் விழும் வரை கண்ணை எடுக்கவில்லை.

அம்மா இந்தக் கடையில் கோப்பியைத் தவிர எதுவும் வாங்கியதில்லை. கொய்தியாவுக்குப் பன்றிக் கொழுப்புதான் வழக்கம், பொரித்த கொழுப்புத் துண்டையும் மேலே தூவுவார்கள், சீனத் தொத்திறைச்சியும் விழும். இந்தத் தடவை நான் போய் மலாயில் கேட்டேன்: “அங்கிள், அம்மாவுக்கு. மினியாக் பாபி தாக் மாவ், லாப் சோங் தாக் மாவ். முடியுமா?” பன்றிக் கொழுப்பு வேண்டாம், தொத்திறைச்சி வேண்டாம் என்று. அவர் தலையாட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. மனைவியிடம் ஹொக்கியன் என்கிற சீன மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய் வேறொரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தார், புதுக் கரண்டி, கடலையெண்ணெய்ப் போத்தல். காத்திருந்த வரிசை அப்படியே நின்றது. தட்டை அவரே கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்து, “ஆன்ட்டி, இது சுத்தம், சாப்பிடுங்க” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். 8 வெள்ளி (ரிங்கிட்). சட்டி மாற்றியதற்கு ஒரு காசு கூடுதலாக வாங்கவில்லை. அம்மா முழுத் தட்டையும் சாப்பிட்டார். எழுபத்துநாலு வயதில் முதல் தடவை.

எல்லாக் கடையிலும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். கூட்டம் முட்டுகிற தீவுக் கடைகளில் இரண்டு இடத்தில் “முடியாது” என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். அதுவும் நல்லதுதான். ஆமாம் என்று சொல்லிவிட்டு அதே சட்டியில் போட்டுக் கொடுப்பதைவிட அது மேல்.

தீவில் எங்கள் மாலைகள் அதிகம் போனது லோரோங் பாருவில். மெக்காலிஸ்டர் சாலையிலிருந்து பிரிகிற சின்னத் தெரு, மாலையானதும் இரண்டு ஓரமும் ஒட்டுக்கடை. சிப்பி ஆம்லெட், மீன் உருண்டை சூப், வந்தான் மீ எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் ஆளுக்கொரு ஆசை உள்ள குடும்பத்துக்கு வசதி. கிம்பர்லி தெருவும் அப்படித்தான். மிச்செலின் உணவக வழிகாட்டி 2022 டிசம்பரில் பினாங்கையும் சேர்த்துக்கொண்டது. அதில் வந்த கடைகளுக்குப் போகிறவர்கள் முக்கால் மணி நேரம் நிற்கத் தயாராகப் போங்கள். பிள்ளைகளோடு நாங்கள் நிற்கவில்லை.

பெயர் விஷயம் ஒன்று. ஹொக்கியன் மீ என்று கோலாலம்பூரில் கேட்டால் கறுப்புச் சோயாவில் பிரட்டிய தடித்த மீ வரும். பினாங்கில் அதே பெயரைச் சொன்னால் இறால் ஓட்டையும் தலையையும் வறுத்துக் கொதிக்கவைத்த சிவந்த சூப்பு வரும், உள்ளே மஞ்சள் மீயும் மீஹூன் என்கிற மெல்லிய அரிசி மீயும் பாதிப் பாதி, கங்கோங் கீரை, அரை முட்டை, மேலே ஒரு கரண்டி சம்பல். தெற்கே அதை இறால் மீ என்பார்கள். என் வீட்டுக்காரர் சிரம்பான் ஆள், கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் இதில் ஏமாறுகிறார். சூப்பில் பன்றி எலும்பும் சேர்ந்து கொதித்திருக்கும், அதை யாரும் தனியாக எடுக்கமுடியாது. அம்மா போன்றவர்களுக்கு இது சரிப்படாது.

அவர்களுக்கு அசாம் லக்சா இருக்கிறது. ஆயர் ஈத்தாம் பக்கம், கெக் லோக் சி கோவிலுக்குப் போகிற வழியெல்லாம் அதன் வாசனை. கெம்போங் மீனை, நம் ஊர்க்காரர்கள் கானாங்கெளுத்தி என்பார்களே, அதை வேகவைத்து உதிர்த்து, புளியும் அசாம் கெபிங் என்கிற காய்ந்த புளிப்புத் துண்டும் போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பு. தடித்த அரிசி மீ, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, பூங்ஙா கந்தான் என்கிற இஞ்சிப்பூ மொட்டு நறுக்கிப் போட்டு, கரண்டியில் கறுப்பாக இறால் பசை தருவார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு கடையில் கேட்டுப் பார்த்தேன், மீன் தவிர வேறு இறைச்சி இல்லை என்றார்கள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “நம்ம மீன் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம்” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மாட்டிறைச்சியைப் பற்றிப் பயப்படவேண்டியதில்லை. கருணைத் தெய்வம் குவான் யின்னைக் கும்பிடுகிற சீனர்கள் பலர் மாடு தொடுவதில்லை, அதனால் இந்த மாதிரிக் கடைகளில் அது அபூர்வம்.

இனி கடலுணவு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது புக்கிட் தம்பூன். தீவிலிருந்து வருகிறவர்கள் 2014இல் திறந்த இரண்டாவது பாலத்தில் ஏறினால் 24 கிலோமீட்டர், இறங்குகிற இடம் பத்து காவான், அங்கிருந்து கொஞ்ச தூரம். ஆற்றோரம், மீன் படகுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். அப்பா சம்பளம் வாங்கிய வாரம் எங்களை அங்கேதான் அழைத்துப் போவார். இந்த வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. தியோச்சூ சீனர்கள் கரும்பு பயிரிட வந்தார்கள், தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு வந்தார்கள். அடுத்தடுத்து வாழ்ந்த இரண்டு கூட்டமும் ஒருவர் சமையலை ஒருவர் மோந்துதான் வளர்ந்திருக்கவேண்டும்.

தியோச்சூ முறையில் வவ்வால் மீன் அவித்தது கேளுங்கள். உப்பிட்ட கடுகுக்கீரை, ஊறிய புளிப்புப் பழம், தக்காளி, தௌஃபூ, இஞ்சி. அவ்வளவுதான், எண்ணெய் பேருக்கு. வயதானவர்கள் வயிற்றுக்கு இதைவிட நல்லது இல்லை. தட்டில் தேங்குகிற சாறுக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை. நண்டு என்றால் கம் ஹியோங். கான்டோனீஸில் பொன் மணம் என்று பொருள். காய்ந்த இறால், தௌச்சோ (ஊறிய சோயா விழுது), சிலி பாடி (சின்ன மிளகாய்), கறித்தூள், அப்புறம் கை நிறையக் கறிவேப்பிலை. சூடான எண்ணெயில் கறிவேப்பிலை வெடிக்கிற சத்தம் சமையலறையிலிருந்து மேசை வரை கேட்டது. அம்மா திரும்பிப் பார்த்தார். நம் வீட்டில் தாளிக்கும்போது வருகிற அதே வாசனை, சீனச் சட்டியிலிருந்து. ஓட்டில் ஒட்டியிருந்த மசாலாவை உறிஞ்சிவிட்டு, கருகிய இலையையும் தேடித் தேடித் தின்றார்.

இங்கேயும் கேட்டோம். பரிமாறிய பெண் எங்கள் கேள்வியைத் தாளில் எழுதி உள்ளே அனுப்பி, பதிலை வாங்கிக்கொண்டு வந்தார்: கீரைப் பொரியலில் கொழுப்பு உண்டு, உங்களுக்கு எண்ணெயில் செய்கிறோம், மீனும் நண்டும் பிரச்சினையில்லை. ஏழு பேருக்கு ஒரு மீன், ஒன்றரைக் கிலோ நண்டு, லாலா சிப்பி, கீரை, சோறு, தே ஓ (பால் இல்லாத தேநீர்). 310 வெள்ளி வந்தது. நிறைவாக இருந்தது.

தீவில் ஒரு கடையில் மனம் நொந்தது. பெயர் வேண்டாம். உணவுப் பட்டியலில் நண்டுக்கும் மீனுக்கும் எதிரே விலை இல்லை, அன்றைய சந்தை விலை என்று மட்டும் இருந்தது. தொட்டியில் பிள்ளைகள் கைகாட்டிய களவா மீனை எடுக்கச் சொல்லிவிட்டோம். எடை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பில்லில் அந்த ஒரு மீன் மட்டும் 268 வெள்ளி. 100 கிராம் கணக்கு என்றார்கள். மேசையில் கேட்காமல் வைத்த நிலக்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் தனியாக 14 வெள்ளி. அம்மா பில்லைப் பார்த்துவிட்டு அன்று இரவு முழுக்கப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. இனிப் போகிறவர்கள் மீனைக் கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். கிலோவா, 100 கிராமா என்று கேட்டு, மொத்தம் எத்தனை வெள்ளி என்று அடுப்புக்குப் போகும் முன்பே சொல்லச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். புக்கிட் தம்பூனில் நாங்கள் கேட்கும் முன்பே தராசைத் திருப்பிக் காட்டினார்கள். கடலையும் துண்டும் வேண்டாமென்றால் உட்கார்ந்ததும் திருப்பி அனுப்பிவிடலாம்.

பணம் ரொக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், சின்ன நோட்டாக. ஒட்டுக்கடைகளில் கியூஆர் படம் ஒட்டியிருக்கிறது, எங்கள் ஆஸ்திரேலிய வங்கிச் செயலியில் அது ஓடவில்லை. அண்ணன் தன் கைப்பேசியில் கட்டினார். 50 வெள்ளி நோட்டை நீட்டினால் காலை நேரத்தில் சில்லறைக்குத் தேடுகிறார்கள், பாவம். காரம் ஆகாத பிள்ளைகளுக்கு மாய் ஹியாம் என்று ஹொக்கியனில் சொன்னால் போதும், முகமே மலர்ந்துவிடுகிறது. கட்டிக் கொடுக்கச் சொல்ல, தபாவ்.

கிளம்புகிற நாள் காலையில் மறுபடி அந்தக் கரியடுப்புக்குப் போனோம். நான் சொல்வதற்கு முன்பே அந்த அம்மா உள்ளே போய் இரண்டாவது சட்டியை எடுத்து வந்தார். பத்து நாளில் நாங்கள் போனது நாலு தடவை. “பிள்ளைகள் யாராவது கடையைப் பார்த்துக்கொள்வார்களா?” என்று கேட்டேன். மகன் சிங்கப்பூரில், மகள் பெர்த்தில் என்றார். தவ்கே எதுவும் சொல்லாமல் கரியைக் கிளறிவிட்டார். காலை 7 மணிக்குத் திறந்து, மீ தீர்ந்ததும் மூடிவிடுகிறார்கள். 11 மணிக்கு மேல் கிடைப்பது கஷ்டம். திங்களும் செவ்வாயும் அடைப்பு. முன்பு திங்கள் மட்டும்தான். தவ்கேயின் தோள்பட்டை வலியால் இன்னொரு நாளும் சேர்ந்துவிட்டது.