குடியை நிறுத்தி வைத்தால் கூட்டாளிகள் என்ன ஆவார்கள்? மாலை, மருந்து, சோடா, டீக்கடை: ஓர் ஒப்பீடு

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு போன் வரும். "மாப்ள, எங்க இருக்க?" இவ்வளவுதான் கேள்வி. எந்த இடம், எதற்கு என்று கூப்பிடுகிறவன் சொல்ல மாட்டான், நானும் கேட்க மாட்டேன். மதுரையில் எங்கள் ஆறு பேர் கூட்டத்துக்கு 12 வருடமாக அந்தக் கேள்விதான் அழைப்பு.

போன வருடம் ஸ்கேனில் எனக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. மூன்று மாதம் தொடாமல் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார் டாக்டர். நான் வாரத்துக்கு ஒரு நாள் குடிக்கிற ஆள். சரக்கை விடுவதில் பெரிய பயம் இல்லை. அந்த ஆறரை மணி போன் நின்றுவிடுமே என்பதுதான் பயம். அதற்கு முன்பே இரண்டு தடவை நிறுத்திப் பார்த்திருந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வழியில். எந்த வழி குடியைத் தள்ளி வைத்தது, எந்த வழி ஆட்களை என்னோடு வைத்தது என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்டு இதை எழுதுகிறேன். ஒன்றுக்கு உதவும் வழி மற்றதைக் கெடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஈரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 8 கிராம்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்து முடித்தால், விடிகிற வரைக்கும் அது வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறது. சனிக்கிழமை குடிக்கிற எவனுக்கும் ஞாயிறு காலை என்று ஒன்று இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாலை போடுவது

நம் ஊரில் குடிக்கிற கூட்டம் எதிர்க்கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளும் ஒரே இடைவேளை இதுதான். கார்த்திகை ஒன்றாம் தேதி துளசி மணி மாலை கழுத்தில் ஏறியதும் உங்கள் பெயரே போய்விடும், எல்லோருக்கும் நீங்கள் சாமி. "ஒரே ஒரு கட்டிங்டா" என்று கையைப் பிடித்து இழுத்தவன் அடுத்த நாள் "சாமி, டீ சொல்லவா?" என்று கேட்பான். சபரிமலைக்கு 41 நாள் விரதம். பலர் ஒரு மண்டலம் என்று 48 நாள் கணக்கு வைப்பார்கள்.

வற்புறுத்தல் நின்றுவிடுவது ஒரு பங்கு லாபம்தான். பெரிய லாபம் வேறு. சாயங்காலம் ஏழு மணிக்கு யாராவது ஒரு சாமி வீட்டில் பஜனை இருக்கும். பாட்டு, சரணம், பிரசாதம், அப்புறம் வாசலில் நின்று அரை மணி நேரப் பேச்சு. குடிக்கிறவன் தோற்றுப்போகிற நேரம் அந்த ஏழு மணிதான். அந்த நேரத்துக்கு ஆட்களையும் வேலையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது மாலை. நோன்பு மாதத்தில் இஃப்தாரும் தராவீஹ் தொழுகையும், தவக்காலத்தில் சிலுவைப் பாதையும் என் நண்பர்கள் சிலருக்கு இதையே செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பலவீனமும் பெரியது. மாலைக்குக் கழற்றும் தேதி உண்டு. நான் மலைக்குப் போய் வந்த அன்றைக்கே, கூட்டாளிகள் பாரில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அன்பில்தான் செய்தார்கள். 41 நாள் மிச்சம் பிடித்ததை ஒரே ராத்திரியில் செலவழித்தேன். இடைவேளைக்குப் பிறகு உடம்பின் தாங்கு சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே இரண்டு மடங்காக அடிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

இன்னொன்று. நம்பிக்கை இல்லாமல் சரக்குக்காக மட்டும் மாலை போடாதீர்கள். எங்கள் குருசாமி அதைக் கண்டுபிடித்துவிடுவார், பாதி வழியில் உங்களுக்கே மனசு ஒப்பாது.

மருந்துப் பொய்

"ஆன்டிபயாடிக் ஓடுது" என்றால் ஒரு வாரம் தாங்கும். பிறகு "கோர்ஸ் முடிஞ்சதா?" என்று கேட்பார்கள். மஞ்சள் காமாலை என்றால் இரண்டு மாதம் தாங்கும். நம் ஊரில் காமாலைக்கு இருக்கிற மரியாதை வேறு எந்த வியாதிக்கும் கிடையாது. இரண்டாவது தடவை நான் அதைத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வாசலில் பைக் சத்தம். ஆறரை மணி போன் போடுகிற அதே நண்பன், உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற அவன் ஊருக்குப் போய்க் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். "மோர்ல அரைச்சுக் குடி, காரம் சேக்காத" என்று என் மனைவியிடம் பக்குவம் சொன்னான். அவன் போனபின் அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பொய் குடியைத் தடுத்தது உண்மை. ஆனால் ஆளைத் தள்ளி வைத்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கக் கூசி நானே ஒதுங்கினேன். அதனால் இந்த மூன்றாவது தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மேஜையில் எல்லோர் முன்பும் சொன்னால் அன்று ராத்திரி முழுக்க அதுதான் பேச்சு, ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. நான் பகலில், டீக்கடையில், கூப்பிடுகிறவனிடம் மட்டும் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அடுத்த வாரம் ஒருவன் என் டம்ளரில் ஊற்ற வந்தபோது அவனே குறுக்கே கை வைத்து, "அவனுக்கு வேணாம், விடுங்கடா" என்றான். கூப்பிடுகிறவனிடம் சொல்லிவிட்டால் அவனே காவல் ஆகிவிடுகிறான்.

கூட உட்காருவதா, ஒதுங்குவதா?

ஒதுங்கினால் முதல் இரண்டு வாரம் நிம்மதி. மூன்றாவது வாரம் போன் குறையும். ஐந்தாவது வாரம் வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் போடும் படத்தைப் பார்த்து வயிறு கலங்கும். தனிமையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் குடி ஞாபகம் இன்னும் அதிகமாக வரும்.

சோடாவோடு கூட உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் உண்மையிலேயே சந்தோஷம். எல்லோரும் நிதானத்தில் இருப்பார்கள், நல்ல பேச்செல்லாம் அப்போதுதான் நடக்கும். இரண்டாவது ரவுண்டுக்குப் பிறகு ஒரே கதை மூன்று தடவை வரும். மிளகு போட்ட அவித்த முட்டையும் அந்த வாசனையும் சேர்ந்து உங்களை அசைக்கிற நேரம் அதுதான்.

என் தீர்ப்பு: முதல் மூன்று வாரம் போகவே போகாதீர்கள். அதற்குப் பிறகு போங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சொந்த வண்டியில், ஒரு மணி நேரம் மட்டும். கிளம்பும்போது உங்கள் பங்குக் காசைக் கேட்காமலே வைத்துவிடுங்கள். வண்டி ஓட்டுகிறவன் என்ற பதவியையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டுகிறவனின் 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமுக்கு மேல் போனாலே குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதனால் குடிக்காதவனுக்கு இப்போது மதிப்பு இருக்கிறது. ஒரே ஆபத்து, ராத்திரி பன்னிரண்டு மணி வரை அவர்களோடு மாட்டிக்கொள்வது.

தவிர்க்க முடியாத இடங்களும் இருக்கின்றன. காதுகுத்து, கிடா வெட்டு. தோப்புக்குள் ஒரு பக்கம் சமையல், இன்னொரு பக்கம் பாட்டில். அங்கே நான் கண்டுபிடித்த வழி, பந்தியில் வாளியைத் தூக்கிக்கொள்வது. குழம்பு வாளி கையில் இருக்கிறவனை யாரும் குடிக்கக் கூப்பிடுவதில்லை. இலை இலையாகப் போய் எல்லோரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிடலாம். அந்த நாள் முழுக்க என்னை யாரும் தேடவில்லை, எல்லோரும் பார்த்தார்கள்.

0.0 பீரா, உப்பு சோடாவா?

பட்வைசர் 0.0 போன்றவை இப்போது சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கின்றன. கையில் பாட்டில் இருந்தால் கேள்வி வராது என்பது சரிதான். ஆனால் அந்தக் கசப்பும் நுரையும் நாக்கை எங்கே கூட்டிப்போகும் என்று எனக்குத் தெரியும், நான் வாங்கவில்லை. பீர் ருசி பிடித்து, மயக்கம் வேண்டாதவருக்கு அது பொருந்தலாம். கோலா வகைகளில் 300 மில்லிக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, கொழுப்பு ஈரல்காரனுக்கு அதுவும் எதிரி. எலுமிச்சை, உப்பு, சோடா. இதில் யோசிக்க வேறொன்றும் இல்லை.

நாமே கூப்பிடுவது

ஐந்தாவது வாரம் வயிறு கலங்கியபோதுதான் ஒன்று புரிந்தது. என்னை யாரும் ஒதுக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் குடியைத் தவிர வேறு எதற்கும் யாரும் யாரையும் கூப்பிட்டதே இல்லை. கூப்பிடுகிறவன்தான் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்கிறான். நான் 12 வருடம் வெறுமனே போய்க்கொண்டிருந்தவன்.

சரி, நாமே கூப்பிடுவோம் என்று நேரத்தை மாற்றினேன். கணக்கில் சொன்ன அந்த ஞாயிறு காலை எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. கீழக்குயில்குடி சமணர் மலை, காலை ஆறு மணி. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், மேலே ஏறினால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள். இறங்கி வந்து இட்லி. முதல் ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள், கண்ணெல்லாம் சிவந்து. நாலாவது ஞாயிறு நாலு பேர். அதில் இரண்டு பேர் சனிக்கிழமை ராத்திரி பாரிலிருந்து சீக்கிரம் கிளம்பிவிட்டார்களாம், இல்லாவிட்டால் காலையில் மலை ஏற முடியவில்லை என்று. நான் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலை ஒத்துவராதவர்களுக்கு ராத்திரி. மதுரையில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமா? சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பால் தள்ளுவண்டி, பதினோரு மணி புரோட்டாக் கடை. கையில் சூடாக ஒரு டம்ளரும் நிற்க ஓர் இடமும் இருந்தால் ஆண்கள் பேசுவார்கள். இத்தனை வருடம் அதற்குப் பாரைத் தவிர வேறு இடமில்லை என்று நினைத்திருந்தோம்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் இது மெதுவானது. முதல் மாதம் உதவாது, அப்போது மாலையோ ஒதுங்கலோதான் தாங்கும். வெட்கத்தை விட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். ஆனால் கழற்றும் தேதி இல்லாத வழி இது ஒன்றுதான்.

ஐந்து பேரில் ஒருவன் மட்டும் ஒரு ஞாயிறும் வரவில்லை. கீழாநெல்லி கொண்டுவந்தவன். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நானே அவன் வீட்டுக்குப் போனேன். டீ டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. சனிக்கிழமை மட்டும் குடிக்கிற ஆள் இல்லை அவன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இதுவரை நான் சொன்ன எதுவும் அவனுக்குப் பொருந்தாது. தினமும் குடித்து, காலையில் கை நடுங்குகிறவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து நினைவு தடுமாறி, இல்லாதது கண்ணில் தெரிகிற நிலை வரலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில், மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். குடிக்கிறவருக்குத் தெரியாமல் வீட்டில் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சாகவும் கூடும்.

சிகிச்சைக்குப் பிறகு அவன், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறான். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. கட்டணம் இல்லை, நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். நான் உள்ளே போனதில்லை, வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருப்பேன். பஜனைக்கு நிகரான ஒன்றை அங்கே பார்க்கிறேன்: சாயங்காலம் ஏழு மணி, தெரிந்த முகங்கள், டீ, முடிந்ததும் வாசலில் பேச்சு.

வருகிற கார்த்திகைக்கு அவன் மாலை போடுகிறான், நானும் கூட. டாக்டரிடம் கேட்டுவிட்டான். மாலை கழற்றும் அன்று எங்கே என்பதை ஆறு பேரும் இப்போதே பேசி வைத்திருக்கிறோம். விளக்குத்தூண் பக்கம், ஜிகர்தண்டா, ராத்திரி எட்டு மணி. கூப்பிடுவது நான்.