பெயின்லெஸ் ஊசி: ஆறு நோய்க்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி, ஒரு மதிப்பீடு

குழந்தைக்கு 6 வாரம் நெருங்கும்போது பெற்றோர் கேட்கத் தொடங்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: சாதா ஊசியா, பெயின்லெஸ் ஊசியா? முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். தொடையில் குத்தும்போது இரண்டும் வலிக்கும், இரண்டுக்கும் பிள்ளை வீறிட்டு அழும். வித்தியாசம் அன்று மாலைக்கு மேல்தான் தெரியும். காய்ச்சல் எவ்வளவு, தொடை எவ்வளவு வீங்குகிறது, குழந்தை தூங்குகிறதா என்பதில் தெரியும். அதற்குக் காரணம் மருந்தில் உள்ள ஒரே ஒரு பகுதி, கக்குவான் இருமலுக்கானது.

ஆறும் சேர்ந்த ஊசியில் இருப்பவை தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் இருமல், ஹெபடைட்டிஸ் பி, போலியோ, ஹிப் கிருமி ஆகியவற்றுக்கான மருந்துகள். ஹிப் என்பது சிறு குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும் பாக்டீரியா. பரவலாகப் போடப்படும் ஐந்து சேர்ந்த ஊசியில் போலியோ இருக்காது, அதைத் தனியாகக் குத்த வேண்டும். அதனால் ஆறு சேர்ந்ததை எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு குத்து மிச்சம். மொத்த மருந்து வெறும் 0.5 மில்லி.

கக்குவான் பகுதி இரண்டு வகை. பழைய வகையில் கிருமியை முழுசாகக் கொன்று அப்படியே சேர்க்கிறார்கள். புதிய வகையில் கிருமியிலிருந்து இரண்டு முதல் ஐந்து புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து சேர்க்கிறார்கள். பெயின்லெஸ் என்று சொல்லப்படுவது இந்தப் புதிய வகை. முழுக்கிருமி ஊசிக்குப் பிறகு ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். புதிய வகையில் அது கணிசமாகக் குறைவு. ஜன்னி (வலிப்பு) வருவதும், மணிக்கணக்கில் அடங்காமல் அழுவதும் பழைய வகையிலேயே அரிதுதான், புதிய வகையில் இன்னும் அரிது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆறு சேர்ந்தது என்றாலே பெயின்லெஸ் என்று பொருளில்லை. முழுக்கிருமி வகையிலும் ஆறு சேர்ந்த ஊசிகள் வருகின்றன. பெட்டியில் கக்குவானைக் குறிக்கும் 'பி' (P) எழுத்துக்கு முன்னாலோ பின்னாலோ சிறிய 'ஏ' (a) இருந்தால் புதிய வகை, சிறிய 'டபிள்யூ' (w) இருந்தால் முழுக்கிருமி வகை. எந்த வகைக்காகப் பணம் கட்டுகிறீர்கள் என்பதை அந்த ஓர் எழுத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் புதியதுதான் உயர்ந்ததா? இல்லை. காய்ச்சல் குறைவு என்பதற்கு ஒரு விலை இருக்கிறது: பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. முழுக்கிருமி ஊசியில் தொடங்கிய குழந்தைகளுக்குக் கக்குவானுக்கு எதிரான சக்தி கூடுதல் காலம் நிற்கிறது. முழுக்கிருமி ஊசியைப் பயன்படுத்தும் நாடுகள் முதல் டோஸ்களுக்கு அதையே தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதற்கு இதுவே காரணம். சாதா ஊசி போட்ட பிள்ளைக்கு ஏதோ குறைந்த சரக்கைக் கொடுத்துவிட்டோம் என்று வருந்துவது தேவையற்றது. நோய்த் தடுப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் பழையது ஒரு படி மேல். குழந்தையின் அடுத்த இரண்டு நாளை வைத்துப் பார்த்தால் புதியது மேல். முன்பு முழுக்கிருமி ஊசிக்குப் பிறகு ஜன்னி வந்த குழந்தைக்கு மருத்துவர்கள் புதியதைத் தேர்ந்தெடுப்பது சரியான முடிவு. மற்றவர்களுக்கு இது வசதி சார்ந்த தேர்வுதான்.

ஆனால் 'பெயின்லெஸ் வரட்டும், அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்' என்பது மட்டும் கூடாது. கக்குவான் இருமல் மிகக் கொடூரமாக இருப்பது முதல் சில மாதங்களில். கைக்குழந்தை சில நேரம் இருமக்கூடச் செய்யாது, மூச்சு நின்று நீலம் பாரிக்கும். 1975இல் ஜப்பான் இரண்டு குழந்தைகளின் மரணத்துக்குப் பிறகு முழுக்கிருமி ஊசியை நிறுத்தியது. மீண்டும் தொடங்கியபோது வயது வரம்பை உயர்த்தியது. ஊசி போடுவோர் எண்ணிக்கை சரிந்தது. 1979இல் சுமார் 13,000 பேருக்கு நோய் வந்து 41 பேர் இறந்தார்கள். புதிய வகை ஊசி 1981இல் அங்கேதான் முதலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஊசி கையில் இல்லாததால் வந்த இழப்பல்ல அது. இருந்ததைப் போடாமல் விட்டதால் வந்தது.

'இவ்வளவையும் ஒரே நேரத்தில் தாங்குமா' என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. முழுக்கிருமி கக்குவான் மருந்தில் மட்டுமே ஏறத்தாழ 3,000 வகை ஆன்டிஜென்கள் (உடல் அடையாளம் கண்டு எதிர்க்கும் கூறுகள்) உண்டு. புதிய வகை ஆறு சேர்ந்த ஊசி முழுவதிலும் இருப்பவை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பத்துக்குள் அடங்கும். பிரித்துப் பிரித்துப் போடுவதால் சுமை குறையாது, குத்துகளும் பாதுகாப்பில்லாத வாரங்களும்தான் கூடும்.

இனி பிராண்டுகள். இன்ஃபான்ரிக்ஸ் ஹெக்ஸா, ஹெக்ஸாக்ஸிம், வாக்செலிஸ் மூன்றும் புதிய வகையைச் சேர்ந்தவை. கக்குவான் புரதங்கள் முதலாவதில் மூன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஐந்து. எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பும் அதே கணக்கில் கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதை வைத்து ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேடி அலைவது வீண். உண்மையில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் கலக்கும் முறை. ஹெக்ஸாக்ஸிமும் வாக்செலிஸும் முழுத் திரவம். குலுக்கி அப்படியே போடலாம். இன்ஃபான்ரிக்ஸ் ஹெக்ஸாவில் ஹிப் பகுதி தனிக் குப்பியில் வெள்ளைத் தூளாக வரும். சிரிஞ்சில் இருக்கும் திரவத்தைக் குலுக்கி, முழுவதையும் அந்தக் குப்பிக்குள் செலுத்தி, தூள் முற்றிலும் கரையும்வரை குலுக்கி, திரும்ப முழுவதையும் இழுத்து, ஊசிமுனையை மாற்றிப் போட வேண்டும். கூட்டம் நெரியும் நாளில் நடக்கும் தவறு, தூளைத் தொடாமல் சிரிஞ்சில் உள்ளதை மட்டும் குத்திவிடுவது. குழந்தைக்கு ஐந்து நோய்க்கான மருந்து போய்ச்சேரும், ஹிப் மட்டும் விட்டுப்போகும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. எனவே இந்தப் பிராண்டு என்றால் குப்பியைத் திறப்பதையும் கலப்பதையும் பக்கத்தில் நின்று பாருங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை. கலந்த மருந்து முன்பைவிடச் சற்றே கூடுதலாகக் கலங்கி இருக்கும். அது இயல்பு.

சேமிப்பில் நடக்கும் தவறு இன்னும் மோசமானது, ஏனென்றால் அது ஒரு குழந்தையோடு நிற்காது. இந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். பலரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையான எதிரி உறைதல். மருந்தின் வீரியத்தைக் கூட்டும் அலுமினிய உப்பு, ஒருமுறை உறைந்தாலே திரண்டுவிடும். மீண்டும் உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. நன்றாகக் குலுக்கியதும் ஒரே சீரான பால் வெண்மையாக இருப்பது நல்ல மருந்து. துகள் துகளாகத் தெரிந்தாலோ, குலுக்கிய கொஞ்ச நேரத்திலேயே அடியில் படிந்து மேலே தெளிந்தாலோ வேண்டாம் என்று சொல்லுங்கள். சில குப்பிகளில் வெப்பக் குறியீடு ஒட்டியிருக்கும்: வட்டத்துக்குள் ஒரு வெளிறிய சதுரம். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்தாலோ அந்தக் குப்பி பயன்படாது. ஆனால் அந்தக் குறியீடு சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது.

மருந்துக்கடையில் வாங்கி வாருங்கள் என்று சொல்லும் இடங்களைத் தவிர்ப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால், ஐஸ் கட்டிமேல் நேரடியாக வைத்து எடுத்துவராதீர்கள். உறைவது அங்கேதான். ஐஸ் பேக்கை வெளியே எடுத்து, உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும்வரை விட்டு, துணியில் சுற்றி, மருந்துப் பெட்டி அதில் உரசாதபடி வையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து மறுநாள் போடும் யோசனையே வேண்டாம்.

போடும் இடம் தொடையின் முன்பக்க வெளிப்புறம். கைக்குழந்தைக்குப் புட்டத்தில் போடக் கூடாது: அங்கே கொழுப்பு அதிகம் என்பதால் மருந்து தசைக்குள் போகாமல் நின்றுவிடும், ஹெபடைட்டிஸ் பி பகுதி சரியாக வேலை செய்யாது, நரம்பில் படும் ஆபத்தும் உண்டு. ஊசிமுனை 25 மில்லிமீட்டர் நீளம் இருப்பது பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரி. குட்டை ஊசி வலி குறைக்கும் என்று நினைப்பது தவறு. தசையை எட்டாத மருந்துதான் அதிகமாக வீங்கிக் கட்டி பிடிக்கும். அதே நாளில் ரோட்டா (வயிற்றுப்போக்குத் தடுப்பு) சொட்டு மருந்தும் இருந்தால் முதலில் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். இனிப்பாக இருப்பதால் கொஞ்சம் வலி தணியும். நிமோகாக்கஸ் போன்ற எரிச்சல் தரும் ஊசியைக் கடைசியில் போடுவது நல்லது. குழந்தையைப் படுக்கவைத்து அமுக்குவதைவிட மடியில் அணைத்துப் பிடிப்பதும், குத்தும்போதே தாய்ப்பால் கொடுப்பதும் வலியைக் குறைக்கும். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அரிதாக வரும் கடும் ஒவ்வாமை அந்த நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வழக்கமாக அது தேவையில்லை. முன்கூட்டியே கொடுத்த பாராசிட்டமால் சில தடுப்பூசிகளுக்கு உடல் உருவாக்கும் எதிர்ப்புப்பொருளைக் குறைத்ததாக 2009இல் வந்த ஆய்வு காட்டியது. காய்ச்சல் வந்து குழந்தை சிரமப்பட்டால் கொடுங்கள்: ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், இரண்டு டோஸுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் ஆகாத குழந்தை என்றால் அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே நடக்கும் ஆபத்தான தவறு சொட்டு மருந்தையும் சிரப்பையும் குழப்புவது. 5 கிலோ குழந்தைக்கு வேண்டியது 75 மில்லிகிராம். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் அது 0.75 மில்லி, 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது சுமார் 3 மில்லி. சிரப் அளவை மனதில் வைத்துச் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் ஃபில்லரைத் தொட வேண்டும்.

தொடையில் சிறு கட்டி சில வாரம் இருந்து தானாகக் கரைவது சாதாரணம். உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை வேறு: மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, ஜன்னி, உடம்பு திடீரெனத் துவண்டு வெளிறிப்போய்க் கூப்பிட்டாலும் கவனிக்காமல் இருப்பது, மூச்சுத் திணறல், உடலெங்கும் தடிப்பு, இரண்டு நாளைத் தாண்டியும் தொடரும் காய்ச்சல்.

ஊசியைத் தள்ளிப்போட உண்மையான காரணங்கள் குறைவு. முந்தைய டோஸுக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் போடக் கூடாது. கக்குவான் ஊசி போட்ட ஏழு நாளுக்குள் வேறு காரணம் தெரியாமல் மூளை பாதிப்பு வந்திருந்தால் கக்குவான் சேர்ந்த எதையும் போடக் கூடாது. கடும் காய்ச்சலோடு இருந்தால் குணமானதும் போடலாம். லேசான சளி, ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது, குடும்பத்தில் யாருக்கோ வலிப்பு என்பதெல்லாம் காரணமே அல்ல. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே வயதைக் கணக்கிட வேண்டும்; மிகவும் முன்கூட்டிப் பிறந்திருந்தால் மட்டும் முதல் டோஸுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மூச்சைக் கண்காணிக்கச் சொல்வார்கள்.

முதல் டோஸ் 6 வாரத்திலேயே போடலாம். அடுத்தடுத்த டோஸ்களுக்கு இடையே குறைந்தது 4 வாரம் வேண்டும், மூன்றாவதை 6 மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. 6, 10, 14 வாரமா, 2, 4, 6 மாதமா என்பது உங்கள் நாட்டு அட்டவணையைப் பொறுத்தது. இடையில் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ஒரே பிராண்டில் முடிப்பது விரும்பத்தக்கது. கிடைக்கவில்லை என்றால் வேறு பிராண்டைப் போடுங்கள், காத்திருக்காதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைட்டிஸ் பி ஊசிக்கு இது மாற்றாகாது, அது தனி. சொட்டு மருந்து முகாம் நடக்கும் நாடுகளில், ஊசி போட்டாயிற்று என்று போலியோ சொட்டைத் தவிர்க்க வேண்டாம்: ஊசி குழந்தையை வாதத்திலிருந்து காக்கும், குடலில் கிருமி பெருகி மற்றவருக்குப் பரவுவதைச் சொட்டு மருந்துதான் நன்றாகத் தடுக்கும்.

பெட்டியில் பெயர்த்து எடுக்கக்கூடிய சிறு ஸ்டிக்கர் இருந்தால் தடுப்பூசி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிராண்டு, பேட்ச் எண், தேதி, எந்தத் தொடை என்பதை எழுதி வாங்குங்கள். 'ஆறு சேர்ந்தது' என்று மட்டும் எழுதினால் பின்னால் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. பெயின்லெஸ் வகையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாதுகாப்பு சீக்கிரம் தேய்வதால் ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் ஒன்று, 4 முதல் 6 வயதுக்குள் இன்னொன்று என வரும் பூஸ்டர்களை விடவே கூடாது. 7 வயதைத் தாண்டிவிட்டால் இந்தக் குழந்தை ஊசி பொருந்தாது; தொண்டை அடைப்பான் மருந்தின் அளவு குறைந்த, பெரியவர்களுக்கான வகையைத்தான் போட வேண்டியிருக்கும்.