38 ஸ்பெஷலா, 357 மேக்னமா?

ரிவால்வர் காலத்து அமெரிக்க போலீஸ்காரருக்கு எந்தத் தோட்டா என்றால் என் ஓட்டு 38 ஸ்பெஷலுக்குத்தான், அதுவும் பழைய உருண்டை மூக்கு ஈயக் குண்டு இல்லை, எஃப்பிஐ எடுத்துக்கொண்ட 158 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) பிளஸ் பி, அதாவது வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய வகை, மூக்கில் குழி விட்ட மென்மையான ஈயக் குண்டு. 357 மேக்னத்தின் 125 கிரெய்ன் குண்டுக்கு வேகமும் தாக்கமும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரியில் சுட்டால் கண் கூசும், காது அடைக்கும், துப்பாக்கி எகிறும், அடுத்த குண்டைக் குறிக்குக் கொண்டுவர நேரமாகும். அப்புறம், ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19 என்ற 357 ரிவால்வரில் பீப்பாயின் பின்முனையில், அடிப்பக்கம் மெலிதாகக் கடைந்த இடத்தில், இந்தக் குண்டுகளால் விரிசலே விட்டிருக்கிறது. 1970-இல் நியூஹாலில் நான்கு கலிபோர்னியா நெடுஞ்சாலை போலீசார் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்கள் பயிற்சி எடுத்தது 38-இல், சிலர் கையில் இருந்ததோ மேக்னம். மேக்னம்தான் வேண்டும் என்றால் சரி, பயிற்சியும் அதிலேயே நடக்கட்டும்.