முதல் கத்தி கிட்: அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் எதை வாங்கலாம்?

கத்தி செய்யப் பழக நினைப்பவருக்கு இணையக் கடைகளில் மூன்று வகை கிட் கிடைக்கிறது. பதமேற்றி முடித்த அலகோடு பிடிப்பலகை, அதைப் பிணைக்கும் உலோகப் பின்கள் எல்லாம் சேர்ந்து வருவது ஒரு வகை. வடிவம் மட்டும் வெட்டிய, இன்னும் பதமேறாத தகடு வருவது அடுத்தது. வெறும் எஃகுப் பட்டையும் ஒரு வரைபடமும் வருவது மூன்றாவது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தொடங்குபவர் முதல் வகையைத்தான் வாங்க வேண்டும். மற்ற இரண்டும் நல்ல கிட்களே. அவற்றுக்கு வேண்டிய நெருப்பை மூட்டத்தான் நம் வீட்டில் இடமில்லை.

பதமேற்றுவது என்றால் எஃகைக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது; கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்லும் வேலை அது. 1084 போன்ற எளிய கார்பன் எஃகைக்கூட ஏறத்தாழ 815 டிகிரி செல்சியஸுக்குச் சீராகக் காய்ச்சி, இளஞ்சூடான எண்ணெயில் சட்டென்று முக்க வேண்டும். பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை சுட வேண்டும். பின்னதை வீட்டு ஓவனில் முடிக்கலாம். முன்னதைச் சமையல் அடுப்பில் செய்ய முடியாது. அலகின் நடுவில் சிவந்து நுனி கறுத்தே நிற்கும். பதம் ஒரே சீராக ஏறாது, கூர் சில இடங்களில் நிற்கும், சில இடங்களில் மழுங்கும். துணி உலரும் சர்வீஸ் யார்டில் எரிவாயு டார்ச்சையும் சூடான எண்ணெய் டின்னையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது தீயை வீட்டுக்குள் அழைப்பது போன்றது. தயவுசெய்து வேண்டாம்.

முதல் வகையிலும் பெரும்பாலானவை வேட்டைக் கத்தி வடிவில்தான் வருகின்றன. முதுகு 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். மரம் சீவ அது சரி, கேரட்டை நறுக்கப் போனால் கேரட் பிளக்கும், வெங்காயம் நசுங்கும். இங்கே அதை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போக ஒரு காடும் இல்லை. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றமும்கூட. சமையலறைக் கத்தி கிட்டைத் தேடுங்கள்: அலகு 12 முதல் 15 சென்டிமீட்டர், முதுகு 2 மில்லிமீட்டருக்குள், ஒரு பக்கம் மட்டும் கூர். வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி என்று தினமும் கைக்கு வரும் கத்தி அதுதான். இரு பக்கமும் கூருள்ள குத்துவாள் வடிவம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதன் இறக்குமதிக்கு உரிமம் தேவைப்படலாம் என்பதால் விட்டுவிடுங்கள்.

எஃகு விஷயத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரம்தான் முடிவு செய்கிறது. 1095, ஓ1 இரண்டும் அருமையான கார்பன் எஃகுகள், தீட்டுவதும் சுலபம். ஆனால் எலுமிச்சை பிழிந்த கையோடு வைத்துவிட்டுப் போனால் சிறிது நேரத்திலேயே கறை பிடிக்கும், துடைக்காமல் விட்டால் துரு. டி2 எஃகைப் பலர் துருப்பிடிக்காதது என்று விற்கிறார்கள். அது பாதி உண்மைதான். முதல் கத்திக்கு எளிதில் துருப்பிடிக்காத 14சி28என், 440சி, விஜி10 இவற்றுள் ஒன்று, ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை கடினம் இருந்தால் போதும். எஃகின் பெயரையே சொல்லாமல் ‘டமாஸ்கஸ்’ (அலைக்கோலம் தெரியும் அடுக்கு எஃகு) என்று மட்டும் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். கையால் அடித்த மலிவு டமாஸ்கஸ் பெரும்பாலும் 1095, 15என்20 இரண்டும் கலந்த அடுக்கு, அதாவது துருப்பிடிக்கும் எஃகு. சிலவற்றில் அந்த அலைக்கோலமே மேலே பொறித்த வெறும் படம்.

பிடிக்கு என் தேர்வு மைக்கார்ட்டா. துணியைப் பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகை அது. தண்ணீரில் உப்பாது, குளிர்சாதன அறையில் சுருங்காது, அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் சொன்னபடி கேட்கும். மரம்தான் வேண்டுமென்றால் பிசின் ஏற்றி நிலைப்படுத்திய மரம் எனத் தெளிவாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். சாதாரண மரத்தைத் தினமும் கழுவினால் சில மாதங்களில் பலகைக்கும் எஃகுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி வரும். வெள்ளை எலும்புப் பிடி பார்க்க அழகு, மஞ்சள் தூள் பட்ட கையால் ஒரு வாரம் பிடித்தால் அது வெள்ளையாக இருக்காது.

இனி, வாங்கும் முன் யாரும் பார்க்காத ஒன்று: பின்னின் விட்டம். பிடிக்குள் போகும் எஃகுப் பகுதியான காம்பில் துளைகள் முன்பே போட்டிருக்க வேண்டும். பதமேறிய எஃகைச் சாதாரண டிரில் முனை கீறக்கூடச் செய்யாது. அமெரிக்க கிட்களில் பின்கள் அங்குலக் கணக்கில் வரும். எட்டில் ஒரு அங்குலம் என்றால் 3.175 மில்லிமீட்டர், பலகையில் துளை போட 3.2 மில்லிமீட்டர் முனை கச்சிதம். பதினாறில் மூன்று என்றால் 4.76, 4.8 முனை வேண்டும். கால் அங்குலம் 6.35, இதற்கு 6 முனையால் போட்டால் பின் நுழையாது, 6.5 முனையால் போட்டு மீதி இடைவெளியைப் பசை நிரப்பட்டும். இறுக்கமாக இருக்கிறதென்று பின்னைச் சுத்தியலால் அடித்தால் பலகை பிளந்துவிடும். பின்னை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளால் பிடித்தால் ஒரு நிமிடத்தில் தேவையான அளவு தேய்ந்துவிடும்.

கிட்டோடு வரும், ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசையை ஒதுக்கி வையுங்கள். வெயில் நேரத்து வெப்பத்தில் அது மூன்று நிமிடத்திலேயே இறுக ஆரம்பிக்கும். இரண்டு பலகையும் மூன்று பின்னும் பொருத்த அந்த நேரம் போதாது. ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளிலும் அக்கம்பக்கத்துக் கடைகளிலும் மெதுவாக இறுகும் எபாக்சி கிடைக்கும். அதோடு அசிட்டோன், மூன்று கிளாம்ப், மறைப்பு டேப், 80, 120, 240, 400, 600 எண் உப்புத்தாள் இரண்டிரண்டு வாங்குங்கள். கிட்டில் வைக்கும் இரண்டு துண்டுத் தாள் ஒரு பக்கத்துக்கே காணாது.

பொதி வந்ததும் முதல் வேலை, அலகின் முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்ப்பது. வளைவு தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். நிமிர்த்தப் பார்த்தால் முறியும். நேராக இருந்தால் அலகின் கூர் விளிம்பை அட்டையால் மூடி டேப் சுற்றிவிட்டுத் தொடங்கலாம்.

ஒரு பலகையின் மேல் காம்பைக் கிளாம்பால் இறுக்கி, அடியில் வேண்டாத மரத்துண்டு வைத்து முதல் துளையைப் போடுங்கள். உடனே அதில் ஒரு பின்னைச் சொருகுங்கள், பிறகுதான் இரண்டாம் துளை. இந்தப் பின்னைத் தவிர்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் துளைப்பவர்களுக்குத்தான் கடைசியில் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. மொத்தம் நான்கு முதல் ஆறு துளைதான், பகல் நேரத்தில் முடித்துவிட்டால் பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவில்லை.

பலகைகளின் முன்முனை, அதாவது அலகைப் பார்த்த பக்கம், ஒட்டுவதற்கு முன்பே முழுதாக முடிந்திருக்க வேண்டும். அலகு இல்லாமல் இரண்டையும் பின்னில் கோத்து, ஒன்றாக அராவி, 600 எண் வரை தேய்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அந்த இடத்தைத் தொட்டால் அலகில் கீறல் விழாமல் இருக்காது.

ஒட்டும் பரப்புகளை, காம்பின் இரு பக்கத்தையும் சேர்த்து, 80 எண் தாளால் சொரசொரப்பாக்கி அசிட்டோனால் துடையுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது. தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரத்தை இரண்டு முறை துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடித்தது போல இருந்துவிட்டு ஒருநாள் கழன்று வரும். பின்களையும் சொரசொரப்பாக்குங்கள். கிளாம்பைத் திருகும்போது ஓரத்தில் பசை மெல்லிய கோடாகப் பிதுங்கினால் நிறுத்திவிடுங்கள். இன்னும் இறுக்கினால் பசை முழுதும் வெளியே வந்துவிடும், உள்ளே ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. முன்முனையில் பிதுங்கியதை அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியால் அப்போதே எடுத்துவிடுங்கள். பிறகு 24 மணி நேரம் கை வைக்காதீர்கள்.

வடிவம் கொடுப்பதில் மின் சாண்டரைவிட அரமும் உப்புத்தாளுமே நல்லது. வேகமாகத் தேய்த்தால் பித்தளைப் பின் சூடேறி, சுற்றியுள்ள பசை இளகிவிடும். மைக்கார்ட்டா, ஜி-10 (கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த பலகை) இரண்டின் தூளும் நுரையீரலுக்குக் கெடுதல். என்95 கவசம் அணிந்து, தாளை நனைத்தே தேய்க்க வேண்டும். பக்கத்தில் துணி காயும் கழி இருந்தால் முதலில் அதை உள்ளே எடுத்துவிடுங்கள்.

விலையைப் பார்க்கும்போது வரியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். 2023 முதல், 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட இணையப் பொருள்களுக்கும் பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் பொருள் சேவை வரி வாங்குகிறார்கள். இப்போது அது 9 விழுக்காடு. 80 வெள்ளி கிட்டுக்கு 7 வெள்ளி 20 காசு கூடும்.

மரப் பிடிக்கு எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள். கத்தியையும் பசை முழு வலுப் பெற ஒரு வாரம் விட்டு, அதன்பின் அடுக்களைக்கு எடுத்துச் செல்லலாம்.