முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய ஜில்லெட் ரேசர்: எட்டு மாத அனுபவம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நான் போனது ஊஞ்சல் கொக்கி வாங்க. அப்பத்தா வீட்டு ஊஞ்சல் சங்கிலியில் ஒரு பித்தளைக் கொக்கி விட்டுப்போச்சு, அதே அச்சில் ஒன்று தேடிப் போனேன். பழைய சாமான் கடைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வர முடியாது. தேக்குத் தூண், மங்குச் சாமான் (பீங்கான்), ரவி வர்மா படம், ஓடாத கடிகாரம். பூட்டும் சாவியுமாகக் கிடந்த ஒரு தகர டப்பாவின் அடியில் இந்த ரேசர் இருந்தது. கைப்பிடியில் பச்சை பூத்து, இடுக்கெல்லாம் பழைய சோப்பு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. வேட்டி நுனியால் அடித்தட்டைத் துடைத்துப் பார்த்தால் ஜில்லெட், மேட் இன் இங்கிலாந்து.

"எவ்வளவுண்ணே?"

"ஆயிரத்து ஐந்நூறு தம்பி. ரங்கூன் சாமான்."

அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன, அதாவது வியாபாரத்துக்குப் போன, யாரோ ஒருவர் பெட்டியில் வந்திருக்கலாம், போன மாதம் வேறு ஊர் காயலான் கடையிலிருந்தும் வந்திருக்கலாம். இந்தத் தெருவில் எல்லாமே ரங்கூன் சாமான்தான். பேசிப் பேசி எழுநூறுக்கு முடித்தேன். கொக்கி கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்ததில் இது 'டெக்' என்ற மாடல். 1938இல் ஜில்லெட் கொண்டுவந்தது, அப்புறம் பல வருஷம் பல ஊர்களில் செய்தார்கள். மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றே துண்டு, நடுவில் பிளேடை வைத்துத் திருகினால் முடிந்தது. பல் பல்லாகச் சீப்பு மாதிரி இருக்கும் பழைய ரேசர்கள் உண்டு, இதில் அப்படி இல்லாமல் நேரான ஒரு விளிம்பு. அதனால் மென்மையானது, கற்றுக்கொள்ளும் கைக்கு ஏற்றது. இன்றைக்குப் பெட்டிக்கடையில் விற்கும் இரண்டு பக்கப் பிளேடு அப்படியே பொருந்துகிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். நேற்று வாங்கிய போனுக்கே நாளைக்கு சார்ஜர் கிடைப்பதில்லை.

சுத்தம் செய்யும்போது ஒரு தப்பு நடக்கப் பார்த்தது. அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு "பித்தளை தானேய்யா, கொண்டா, புளி போட்டுத் தேய்ச்சுத் தாறேன்" என்று கையை நீட்டியது. உள்ளே பித்தளைதான், ஆனால் மேலே நிக்கல் முலாம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தால் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்திருக்கும், முலாம் போயிருக்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, கடைசியில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போதும். அடுத்தவர் முகத்தில் ஓடிய சாமான், ஸ்பிரிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் கேவலம். தாடைக்குக் கீழே மூன்று இடத்தில் கீறல், கழுத்தில் செம்புள்ளி, ஆபீஸில் "பூனை பிராண்டிருச்சா?" என்று விசாரிப்பு. தலையை மட்டும் கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரில் இருபது வருஷம் அழுத்தி அழுத்தி இழுத்த கை இது, அங்கே அழுத்தினாலும் வேலை நடந்துவிடும். இதில் அழுத்தவே கூடாது. கைப்பிடியின் அடியை மூன்று விரலால் லேசாகப் பிடித்து, பிளேடு தோலோடு முப்பது டிகிரி வாக்கில் படும்படி சாய்த்து, ரேசரின் கனமே இழுக்கும்படி விட்டுவிட வேண்டும். சரியான சாய்வில் பிடித்தால் சர்ர்ரென்று ஒரு சத்தம் வரும், காய்ந்த ஓலையைத் தரையில் இழுப்பது போல. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்பதையும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கழுத்தின் இடது பக்கத்தில் அது கீழிருந்து மேலாக வளர்கிறது, நாற்பது வயதில்தான் தெரிந்தது. முதலில் வளரும் திசையில் ஒரு சுற்று, மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு சுற்று, போதும். எதிர்த் திசையில் வழித்தால் கன்னம் கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டு நாளில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளம் வரும். எனக்கு வந்தது.

கை பழகியும் நுரை மட்டும் நிற்கவே இல்லை. முகத்தில் போட்டு ரேசரை எடுப்பதற்குள் காய்ந்து வெள்ளைப் பொருக்காகிவிடும். சோப்பை மாற்றினேன், பிரஷை மாற்றினேன், இணையத்தில் பார்த்து விலை கூடிய பேட்ஜர் (ஒரு காட்டு விலங்கு) முடி பிரஷ் ஒன்று வாங்கினேன் (முதல் நாளே கன்னமெல்லாம் பிரஷ் முடி, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிய இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை, எந்தக் கடை என்று சொல்லவில்லை, போகட்டும்). ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை, போர்வெல்லில் மோட்டார் ஓடவில்லை. முற்றத்துத் தாழ்வாரத் தகரத்திலிருந்து கொட்டிய தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்திருந்தார்கள், அதில் ஒரு சொம்பு எடுத்து நுரை போட்டேன். அதே சோப்பு, அதே பழைய பிரஷ், மங்குக் கிண்ணத்தில் நுரை தயிர் கடைந்த மாதிரி திரண்டு நின்றது. பிரஷைக் குத்தி நிறுத்தினால் சாயவில்லை.

காரணம் ரொம்பச் சாதாரணம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து அழுக்குத் திப்பியாகிவிடும், நுரைக்குச் சோப்பே மிஞ்சாது. மழைத் தண்ணீரில் அது இல்லை. காரைக்குடியின் நல்ல தண்ணீர் ஊற்றான சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் நண்பன் வீட்டில் ஒருநாள் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அருமையாக வந்தது. ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து வெளியே தேடிய சமாச்சாரம் எங்கள் முற்றத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. இப்போது ஷேவுக்கு என்றே ஒரு குடம் தனியாக இருக்கிறது, மழை இல்லாத நாளில் கேன் தண்ணீர். ஒரு ஷேவுக்கு அரை சொம்புகூட ஆகாது.

மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. குளிக்கிற சோப்பில் ஷேவ் செய்யாதீர்கள், அதன் நுரை உடனே உடையும். ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் சேர்ந்திருப்பதால் நுரை கெட்டியாக, ஈரமாக நிற்கும். பிரஷ்ஷுக்கு சிந்தெடிக் முடியே போதும், சீக்கிரம் காயும். குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்யுங்கள், முடி நன்றாக ஊறியிருந்தால் பாதி வேலை குறையும். பிளேடு ஐந்து தடவைக்கு மேல் ஓட்டாதீர்கள், விலை ஒரு டீக்கு மேல் போகாது, அதில் என்ன சிக்கனம். சூப்பர் மேக்ஸும் செவன் ஓ கிளாக்கும் என் முகத்துக்கு ஒத்துவருகின்றன, உங்கள் முகம் வேறாக இருக்கலாம். படிகாரத்தை ஆன்லைனில் பாலிஷ் போட்ட கட்டியாக முந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் பத்து ரூபாய்க்குக் கேட்டால் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி தருவார், சலூனில் முகத்தில் தேய்த்துவிடுவதும் அதைத்தான். ஷேவ் முடித்து அதைத் தேய்க்கும்போது எங்கே எரிகிறதோ அங்கே ரேசரை அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள், குப்பை அள்ளுபவர் கை அது. ஒரு பால் பவுடர் டின்னின் மூடியில் கீறல் போட்டு உண்டியல் மாதிரி வைத்திருக்கிறேன், எட்டு மாதத்தில் கால்வாசிகூட நிறையவில்லை.

குறை என்றால், சோப்புக் கையில் வழுக்குகிறது. கார்த்திகையில் ஒருநாள் நழுவி ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேல்மூடியின் ஒரு மூலை லேசாக நசுங்கியது. அன்றிலிருந்து அந்த மூலையை மீசைப் பக்கம் கொண்டுபோவதில்லை. அப்புறம் நேரம். கார்ட்ரிட்ஜில் நான்கு நிமிஷம், இதில் பதினைந்து. எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவர் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூன்று துண்டையும் கழற்றிப் பாருங்கள், கழற்ற விடவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். மேல்மூடியின் நான்கு மூலையும் நேராக இருக்கிறதா, திருகு மரை தேய்ந்திருக்கிறதா, கைப்பிடியில் நெடுக வெடிப்பு ஓடியிருக்கிறதா, இவ்வளவுதான். பையில் ஒரு புதுப் பிளேடு கொண்டுபோய் அங்கேயே மாட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் சமமாக வெளியே தெரிய வேண்டும்.

அதே கடையில் சீப்புப் பல் வைத்த ரேசர் ஒன்று இப்போது வந்திருக்கிறது. அண்ணன் இரண்டாயிரத்தில் நிற்கிறார், நான் தொள்ளாயிரத்தில் நிற்கிறேன், மூன்று வாரமாகிறது. போகும்போதெல்லாம் ஊஞ்சல் கொக்கியும் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.