மேட்டூர்ப் புகையை எந்தப் பாறையில் பூட்டலாம்?

மேட்டூர் அனல்மின் நிலையம், மதுக்கரை, சங்ககிரி சிமென்ட் ஆலைகள் விடும் கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்குள் அடைக்கலாம் என்றால், கொங்குச் சீமையில் அதற்கு இடமில்லை. நம் காலடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறை. ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புழுதி மட்டுமே வந்த தோட்டங்கள் எத்தனை! விரிசல்தான் உண்டு, வாயு அடங்க நுண்துளை கிடையாது. ஆகவே கடலடிப் பாறைகளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், உப்புநீர் ஊறிய மணற்கல். சுமார் 800 மீட்டருக்குக் கீழே அழுத்தத்தில் வாயு நெருங்கி, திரவம்போல் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். மேலே களிப்பாறை மூடியாக நிற்க வேண்டும். நார்வேயின் கடல் எரிவாயு வயலான ஸ்லெய்ப்னரில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் இப்படி இறக்கினார்கள். அதே நாட்டின் இன்னொரு வயலான ஸ்னோவிட்டில் 2008இல் தொடங்கியபோது கதை வேறு. பாறைக்குள் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏற, 2011இல் வேறு அடுக்குக்கு மாறினார்கள். எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கை மட்டும் நம்பக்கூடாது. எவ்வளவு வேகத்தில் உள்வாங்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்தது, எண்ணெய், எரிவாயு எடுத்துத் தீர்ந்த வயல்கள். மூடிப்பாறை லட்சக்கணக்கான ஆண்டுகள் தாங்கியதற்கு, அங்கே தேங்கிக் கிடந்த எண்ணெயும் எரிவாயுவுமே சாட்சி. அழுத்த விவரங்களும் கையில் இருக்கும். ஆனால் பழைய கிணறுகளின் சிமென்ட் அடைப்பு பழுதாகியிருந்தால் வாயு அந்த வழியே ஏறிவிடும்.

அப்புறம் பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் சோதனையில், தண்ணீரில் கரைத்து இறக்கியதில் 95 சதவீதத்துக்கு மேலான வாயு இரண்டே ஆண்டுகளில் கல்லாகிவிட்டது. கசிவு பயமே இல்லை. ஆனால் ஒரு டன் வாயுவைக் கரைக்க சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். கடல்நீர் கைகொடுத்தால்தான் இங்கே யோசிக்கலாம்.

சேலம் வெள்ளைக்கல் மலையில் வெட்டும் மேக்னசைட்டும் இதே வேலையின் விளைவுதான்: மெக்னீசியம் நிறைந்த பாறை கரியமில வாயுவைப் பிடித்துக் கல்லாக்கி வைத்திருக்கிறது.

என் தேர்வு, காவிரிப் படுகையின் கடற்பகுதியில் தீர்ந்துபோன வயல்களும் அவற்றை ஒட்டிய மணற்கல்லும். மேட்டூரிலிருந்து அங்கே 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட வேண்டும், செலவு பெரிது. அந்தக் குழாய்க்கு ஒரு ரூபாய் ஒதுக்கும் முன், அங்குள்ள ஒவ்வொரு பழைய கிணற்றின் அடைப்பையும் சோதித்துவிட வேண்டும்.